நோகாத இடம்

தொப்புளுக்கு இடப்பக்கம்
நாலு விரற்கடை தள்ளி
ஓர் இடம் இருந்தது எனக்கு.
ஆறு வருடமாய் அங்கேதான் ஊசி.
அங்கே நோவதில்லை.

பீல் நகரில், ரயில்பாதைக்குப் பின்னால்,
ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தொழிற்சாலையில்
எனக்கு இரவு வேலை. இடைவேளை பதினைந்து நிமிடம்.
அதில் இரண்டு நிமிடம்
உடுப்பு மாற்றும் அறையில்,
சேர்ட்டைப் பல்லால் கவ்விக்கொண்டு
பாராமலே குத்துவேன்.
சொந்த வீட்டுச் சாவித்துவாரம்
இருட்டிலும் கைக்குத் தெரியுமே, அப்படி.

டொக்டர் சூர்புகன் நல்ல மனிசன்.
பரராசசிங்கம் என்று முழுதாய்ச் சொல்ல முயன்று
மூன்றாம் வருடம் கைவிட்டவர்.
"சீனி பதினாலு" என்பார், திரையிடம்.
"சோறா?" என்பார், என்னிடம்.
குறைச்சிட்டன் என்பேன்.
பதினெட்டு அலகு இருபத்துநாலாகும்.
இருபத்துநாலு முப்பதாகும்.
முப்பது முப்பத்தெட்டாகும்.
மருந்து ஏற ஏறச் சீனியும் ஏறியது,
ஒரே ஏணியில் இரண்டு பேர்.

யோகமலர்
அலுமாரியில் பிஸ்கட்டை எண்ணத் தொடங்கினாள்.
"களவாய்த் தின்னுறியள்."
பேர்ண் கோயில் அன்னதானத்தில்
பாயசத்துக்குக் குறுக்கே நான் கை வைத்ததை
ஒரு சனம் சாட்சி சொல்ல வரவில்லை.
தின்னாத இனிப்புக்குத்
தண்டனை அனுபவித்தவனைப் பார்த்திருக்கிறீர்களா?
ஒருநாள் உண்மையாகவே வாங்கித் தின்றேன்,
ரயில் நிலையத்தில், நின்றபடி,
கொட்டைப் பருப்பு அரைத்து வைத்த கொம்பு பணிஸ்.
குற்றம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது,
பண்டமாவது மிஞ்சட்டும்.

மாசியில் டொக்டர் விடுப்பில்.
பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள்.
ஏஷ்லிமான், நீரிழிவுத் தாதி
என்று கதவில் எழுதியிருந்தது.
சோற்றுக்கான பதிலை
நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு போனேன்.
கேட்கவில்லை.
"எப்படிக் குத்துவீர்கள், செய்து காட்டுங்கள்."
சேர்ட்டைப் பல்லால் கவ்வியதும்
சிரித்துவிட்டார். நானும் சிரித்ததில்
சேர்ட் விழுந்தது.
"ஒரு ஊசிமுனை எத்தனை தரம்?"
ஒரு கிழமை, என்றேன்.
அதட்டவில்லை. குறித்துக்கொண்டார்.
பிறகு படுக்கச் சொன்னார்.
இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கி
வயிற்றில் வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டார்.
களைந்த அரிசிக்குள் கல்லைத் தடவும் விரல்.

"இங்கே."

என் விரலை எடுத்து அதே இடத்தில் வைத்தார்.
தோலுக்குக் கீழே
ஒரு பருப்பு வடை அளவில்
கெட்டியாய், அசையாமல், ஒன்று.
என் வயிறுதான். இதுவரை தொட்டதில்லை,
குத்தியிருக்கிறேன், அவ்வளவே.

"ஏன் எப்போதும் இங்கே?"
இங்கே நோகாது.
"ஓம். நோகாது. மருந்தும் இங்கேயே
படுத்துக்கொள்ளும். ரத்தத்துக்கு வராது,
வந்தாலும் தான் நினைத்த நேரம் வரும்."

ஆக, இத்தனை வருடமும்
வாசலில் ஆட்களைக் கூட்டிக் கூட்டி நிறுத்தியிருக்கிறோம்.
கதவு பூட்டியிருந்ததை
ஒருவரும் தட்டிப் பார்க்கவில்லை.

தாளில் ஒரு வயிறு வரைந்தார், மணிக்கூடு போல.
கிழமைக்கு ஒரு கால்வாசி.
டொக்டர் அறைக்குத் தொலைபேசியில் கேட்டு
அளவைக் குறைத்தார், முப்பத்திரண்டு.
"புது இடம். முழுசாய் ஏறும். கவனம்."
சட்டைப்பைக்குள் திராட்சைச் சீனிக் கட்டி
நாலு போட்டுவிட்டார், கை நடுங்கினால் கடிக்க.
எனக்குச் சீனி தந்து அனுப்பிய முதல் ஆள்.

அன்றிரவு வலப்பக்கம் குத்தினேன்.
முசுறு கடித்தது போல் நொந்தது.
சேர்ட்டைக் கவ்விய பல்லை எடுக்காமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.

பங்குனி முடிய, ஏழரை.
யோகமலர் மீற்றரைத் தட்டிப் பார்த்தாள், பழுதோ என்று.
பிஸ்கட்டை இன்னும் எண்ணுகிறாள்,
ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி இல்லை.

சித்திரையில் மறுபடி டொக்டர்.
திரையில் தாதி எழுதிய ஒரு வரியில்
நெடுநேரம் நின்றார்.
பிறகு கதிரையைத் தள்ளி எழுந்து வந்து
"நான் தொட்டுப் பார்க்கலாமா?" என்றார்.

கை குளிர்ந்திருந்தது.
பரவாயில்லை, என்றேன்.
இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.